எப்படி இயங்குகிறது? சிக்லிட் தொட்டியும் கலியாண வீட்டுக் குசினியும்

ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு நாலடித் தொட்டி இருக்கிறது. மூன்று குளிர்காலத்துக்கு முன் அதில் ஒரு சோடி கொன்விக்ட் சிக்லிட் விட்டேன். வெளிர் சாம்பல் உடம்பில் கறுப்பு வரிகள், பழைய காலத்துக் கைதி உடுப்பைப் போல. அதனால்தான் அந்தப் பெயர். கடையில் கண்ணாடியோடு முட்டி நின்ற மீன்கள், வீட்டுக்கு வந்ததும் கவிழ்த்து வைத்த பூச்சட்டிக்குள் புகுந்துகொண்டன. நான் படியில் இறங்கும் அதிர்வே போதும், இரண்டும் மறைந்துவிடும். ஆளில்லாத நேரத்தில் ஆண் பெண்ணைத் துரத்திக் கடித்திருக்கிறது. பெண்ணின் வாலில் ஒரு துண்டு இல்லை. மூன்று கிழமை இப்படியே போனது. நாலாவது கிழமை, நடுவிரல் நீளமுள்ள ஜயன்ட் டானியோ எட்டை ஒரே நாளில் வாங்கி வந்து விட்டேன். மறுநாள் காலை தேநீர்க் கோப்பையோடு இறங்கிப் போனபோது, சோடி இரண்டும் சட்டிக்கு வெளியே வந்து நின்றன. பெண்ணின் வால் மெல்ல மெல்ல வளர்ந்துவிட்டது.

எட்டு மீன் கூடினால் நெரிசலும் சண்டையும் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. கோபக்கார சிக்லிட்டோடு நடுத்தர அளவுள்ள கூட்ட மீன்களைச் சேர்ப்பது மீன் வளர்ப்போர் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. அதற்குப் பின்னால் ஆராய்ச்சியும் உண்டு. ஆனால் எந்த மீன், எத்தனை, எப்போது என்பதில் பிழைவிட்டால் அடுத்த நாள் காலை செதில்கள்தான் மிதக்கும். அந்தப் பொறிமுறையைக் குசினியை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன். தொட்டிக்குள் நடப்பதில் பெரும்பங்கு குசினியிலும் நடக்கிறது.

சிக்லிட் என்ற பெயர் புதிதாகத் தோன்றினாலும் அந்தக் குடும்பம் நம் சட்டிக்குள் வந்து போனதுதான். தமிழ்நாட்டில் ஜிலேபி மீன் என்று விற்கும் திலாப்பியா ஒரு சிக்லிட். கேரளம் 2010இல் மாநில மீனாக அறிவித்த கரிமீனும் சிக்லிட். அதே மீன் இலங்கையின் களப்புகளிலும் உண்டு. தென்னாசியாவுக்கே உரிய சிக்லிட் மூன்றே இனம்தான். மற்றவை பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் நடு, தென் அமெரிக்காவிலும் வாழ்பவை. ரொறன்ரோக் கடைகளில் நாம் பார்க்கும் கொன்விக்ட், ஜாக் டெம்ப்சி, ஒஸ்கார், கிரீன் டெரர் எல்லாம் அந்த அமெரிக்கப் பக்கத்து மீன்கள். ஜாக் டெம்ப்சி என்பது 1919 முதல் 1926 வரை உலகக் கனவகைக் குத்துச்சண்டைச் சாம்பியனாக இருந்தவரின் பெயர். மீனின் குணம் பெயரிலேயே இருக்கிறது.

இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது? பல மீன்கள் முட்டையை இறைத்துவிட்டுத் தம் பாட்டில் போய்விடும். கொன்விக்ட் சோடி அப்படிப் போகாது. ஒரு கல்லைத் துப்புரவாக்கி முட்டையிட்டு, செட்டையால் விசிறிக்கொண்டே நிற்கும். மூன்று நாளளவில் பொரிக்கும் குஞ்சுகளைப் பிறகு கிழமைக்கணக்கில் மேய்த்துக் காக்கும். தாய் குஞ்சுகளை ஒட்டி நிற்க, தகப்பன் எல்லையைச் சுற்றிவரும். எல்லையைக் காக்கத் தெரியாத சோடிக்குக் குஞ்சு மிஞ்சாது. ஆகவே இந்த மீனைக் கெட்ட மீன் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை வளர்ப்பவரின் கோபம் அது.

எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் அடுப்படி என் பெரியம்மாவுடையது. கிடாரத்துக்குப் பக்கத்தில் அகப்பையோடு நிற்பார். அவரைச் சுற்றி மூன்று முழம் அவருடைய எல்லை. "ஆரடா உந்த அகப்பையில கை வைச்சது?" என்ற குரல் படலை வரை கேட்கும். முந்நூறு பேரின் சாப்பாடு அவர் தலையில் இருந்தது. அதனால்தான் அந்தக் குரல். கதிரை தூக்கிப் போகும் பெடியளையோ, ஓடித் திரியும் குழந்தைகளையோ அவர் ஏசியதே இல்லை. இன்னொரு அகப்பையோடு இன்னொருவர் அடுப்பை நெருங்கினால் மட்டும்தான் முகம் மாறும். இந்தக் காட்சியை மனதில் வைத்திருங்கள், மீனைத் தேர்வு செய்யும்போது திரும்ப வருவேன்.

இப்போது முதற் கேள்வி: பயந்து ஒளிந்திருந்த மீன் ஏன் வெளியே வந்தது?

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஷெல் விழத் தொடங்கினால் பங்கருக்குள் இறங்குவோம். நின்ற பிறகும் உடனே ஏறமாட்டோம். முடிந்துவிட்டதா, இடைவெளியா என்று தெரியாது; யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள். இருட்டில் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருப்போம். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டில் திருவலையில் தேங்காய் திருவும் சத்தம் கேட்கும். "மாமி எழும்பிட்டா" என்பார் அம்மா. அதன் பிறகுதான் ஒவ்வொருவராக வெளியே வருவோம். மாமி எங்களுக்காகத் தேங்காய் திருவவில்லை, அவருக்கு அவருடைய சமையல். ஆனால் ஒருவர் வெளியே இருந்து வேலை செய்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற செய்தி அந்தச் சத்தத்தில் இருந்தது.

தொட்டிக்குள் அந்தத் திருவலைச் சத்தம்தான் டானியோக் கூட்டம். ஆற்றில் கொக்கும் நாரையும் மேலிருந்து கொத்தும். நடுநீரில் நீந்தும் சின்ன மீன்கள் சிதறினால் ஆபத்து; அவை ஆறுதலாகத் திரிந்தால் மேலே ஒன்றுமில்லை. கல்லிடுக்கில் இருக்கும் சிக்லிட் இதைப் பார்த்துத்தான் வெளியே வருவதா, உள்ளே இருப்பதா என்று முடிவெடுக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சிக்லிட் ஆய்வில் வாழ்நாளைக் கழித்த ஜோர்ஜ் பார்லோ இதை 1968இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். ஆய்வுக்கூடத்து மீன்கள் மனிதர் நெருங்கியதும் பயந்து ஒடுங்கிவிடுவதால் அவற்றின் இயல்பான நடத்தையைக் கவனிக்க முடியவில்லை. வேறு மீன்களைக் கூட விட்டபோது பயம் தணிந்தது. அவர் பயன்படுத்திய சொல்லிலிருந்துதான் இன்றைக்கு மீன் வளர்ப்போர் இவற்றை டிதர் மீன் என்கிறார்கள்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. திருவலைச் சத்தம் திடீரென்று நின்றால் பங்கருக்குள் இருப்பவரின் பயம் முன்னைவிடக் கூடும். கூட்ட மீனே பயந்து மூலையில் ஒதுங்கினால் சிக்லிட்டுக்கு அது ஆபத்துச் செய்திதான். மூன்று டானியோ விட்டால் அவை கூட்டமாக நடந்துகொள்ளாது. பம்மும், தங்களுக்குள் கொத்துப்படும். எட்டு என்பதைக் குறைந்த கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்தால் பத்து, பன்னிரண்டு.

இரண்டாவது கேள்வி: பெண் மீனின் மேல் விழுந்த அடி ஏன் குறைந்தது?

கறிக்கு உப்புக் கூடிவிட்டால் என்ன செய்வோம்? இன்னும் இரண்டு உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி கொதிக்க வைப்போம். சட்டிக்குள் இருக்கும் மொத்த உப்பு குறைவதில்லை. ஒரு துண்டுக்கு வரும் பங்குதான் குறைகிறது. ஆண் சிக்லிட்டின் கோபமும் அப்படித்தான். பெண் மட்டும் இருந்தால் முழு உப்பும் அவள் மேல். எட்டு டானியோ வந்ததும் ஒன்றைத் துரத்தத் தொடங்கும், அது விலகும், குறுக்கே இன்னொன்று வரும், அதன் பின்னால் திரும்பும், களைத்து வந்து கல்லடியில் நிற்கும். எந்த ஒரு மீனுக்கும் தாங்க முடியாத அளவு விழுவதில்லை. மூன்று கூட்ட மீன் மட்டும் விட்டவர்கள் நல்ல கிழங்கைத்தான் போட்டார்கள், அளவு போதவில்லை.

இந்தப் பங்கீட்டுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. ஒஸ்ட்ரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1963இல் வெளியான தன் நூலில் சிக்லிட் சோடிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். தொட்டியின் நடுவே கண்ணாடி வைத்து இரண்டு சோடிகளைப் பக்கம் பக்கமாக வைத்தால், ஒவ்வொன்றும் அயலவரோடு சண்டை பிடித்துக்கொண்டு தம் துணையோடு ஒற்றுமையாக இருக்கும். கண்ணாடியில் பாசி படர்ந்து அயலவர் தெரியாமல் போனதும் ஆண் தன் துணையையே தாக்கத் தொடங்கும். கண்ணாடியைத் துடைத்தால் வீட்டுக்குள் சமாதானம் திரும்பும். சோடி சேர்ந்து இயங்க, வெளியே காவல் காக்க ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. என் தொட்டியில் டானியோக்கள் அந்த வெளியாராகவும் இருந்தன. குஞ்சு பொரித்த நாட்களில் ஆணும் பெண்ணும் தோளோடு தோள் நின்று அவற்றை மேலே விரட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையையும் சொல்லவேண்டும்: தப்பிய குஞ்சுகளை டானியோ தின்னும். குஞ்சு வளர்ப்பதே உங்கள் நோக்கம் என்றால் கூட்ட மீனைச் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது விஷயத்தைத் தாச்சியில் பார்க்கலாம். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும்போது ஒரே ஒரு கடுகை மட்டும் கண்ணால் பின்தொடர முயன்று பாருங்கள். முடியாது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், எல்லாம் துள்ளுகின்றன. கூட்டத்தைத் தாக்கும் மீனுக்கும் இதே திண்டாட்டம்தான். அதே தாச்சியில் ஒரு செத்தல் மிளகாய் கிடந்தால் கண் நேரே அங்கேதான் போகும். கூட்டத்தில் வேறு நிறத்தில் இருக்கும் ஒற்றை மீன் அந்த மிளகாய். அடி அதற்குத்தான் விழும். இதில் இரண்டு, அதில் இரண்டு என்று அழகுக்காக நாலு வகை கலந்து வாங்கும் பழக்கத்தை விடச் சொல்வது இதனால்தான். ஒரே வகை, ஒரே அளவு, ஒரே நாளில். கடுகு வெடிக்கும்போது தாச்சியை மூடுவது போல் தொட்டிக்கும் இடைவெளி இல்லாத மூடி வேண்டும். டானியோ நன்றாகவே துள்ளும்.

இனித் தேர்வு. செம்புக்குள் கரண்டி போகும், தட்டு போகாது. தேர்வின் பாதிக் கணக்கு இந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. சிக்லிட்டின் வாய்தான் செம்பு. ஒல்லியாக நீண்ட மீன் கரண்டி. உயரமாகத் தட்டையான மீன் தட்டு. மீனின் நீளத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பத்து செ.மீ. நீளமான ஒல்லி மீனைப் பெரிய ஒஸ்கார் விழுங்கிவிடும். அதே நீளத் தட்டை மீனை விழுங்க முடியாது. சிக்லிட்டின் தாடை முன்னால் நீண்டு விரியக்கூடியது, மூடியிருக்கும் வாயைப் பார்த்து அளவு சொல்லாதீர்கள். இரை எடுக்கும் கணத்தைக் கவனியுங்கள். முக்கியமாக, இன்றைய வாயைக் கணக்கில் எடுக்காமல் வளர்ந்த பிறகு வரப்போகும் வாயை எடுங்கள். கடையில் ஐந்து செ.மீ. இருக்கும் ஒஸ்கார் முப்பது செ.மீ. ஆகும். என் பழைய தொட்டியில் சின்ன ஜாக் டெம்ப்சியோடு நியோன் டெட்ரா பன்னிரண்டு விட்டிருந்தேன். அது வளர வளர நியோன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கரண்டியிலும் சின்னக் கரண்டி அவை. அந்த இழப்பு இன்னும் மனதில் இருக்கிறது.

விழுங்க முடியாத மீன் என்றால் போதுமா? போதாது, விலகவும் தெரியவேண்டும். சிக்லிட் குறுந்தூரம் பாய்ந்து அடிக்கும், நெடுந்தூரம் துரத்தாது. முதல் இரண்டடியில் தப்பும் வேகம் உள்ள மீனுக்கு ஆபத்துக் குறைவு. நீண்ட செட்டை வைத்த மீன்கள், ஏஞ்சல் போன்றவை, இந்த வேலைக்கு ஆகாது. சேலைத் தலைப்போடு அடுப்பருகில் நிற்பது மாதிரி. தொட்டியின் எந்தத் தட்டில் நீந்துகிறது என்பதும் பார்க்கவேண்டும். அடுப்படி பெரியம்மாவுடையது என்றால், பந்தி பரிமாறுபவர் அந்தப் பக்கம் அடிக்கடி போகாமல் இருப்பதே நல்லது. சிக்லிட் அடித்தட்டு மீன். அதற்கு மேல் தட்டில் திரியும் கூட்டமே பொருத்தம்.

இப்போது பெரியம்மாவின் அகப்பைக்கு வருகிறேன். சிக்லிட்டும் தன்னைப் போன்ற உடலமைப்பும் நிறமும் உள்ள மீனைத்தான் முதலில் போட்டியாளராக எடுத்துக்கொள்ளும். கறுப்பு வரிக் கொன்விக்டோடு கறுப்பு வரி டைகர் பார்பை விடுவது இன்னொரு அகப்பையை அடுப்படிக்கு அனுப்புவது. டைகர் பார்ப் செட்டை கடிக்கும் பழக்கம் உள்ளது வேறு. வெள்ளி நீல நிறத்தில், மெலிந்து, மேலே ஓடித் திரியும் மீன் சிக்லிட்டின் கண்ணுக்குக் கதிரை தூக்கும் பெடியன்தான்.

இந்தக் கணக்குகளோடு ரொறன்ரோக் கடைத் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தால், எனக்கு மனம் நிறைக்கும் ஒன்று தெரிகிறது: இந்த வேலைக்குச் சிறந்த மீன்களில் சில நம்முடைய ஆறுகளின் மீன்கள். ஜயன்ட் டானியோ என்ற பெயரில் விற்கப்படுபவற்றின் நெருங்கிய உறவு மலபார் டானியோ. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இலங்கை ஓடைகளிலும் ஓடித் திரிவது. மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1849இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். பத்து செ.மீ. வரை வளரும், நீலப் பக்கத்தில் மஞ்சள் கோடுகள், ஓடும் நீரில் பழகிய உடம்பு என்பதால் வேகத்துக்குக் குறைவில்லை. வால் பின்னம்பட்டாலும் திரும்ப வளரும். கொன்விக்ட், ஃபயர்மவுத் போன்ற நடுத்தர சிக்லிட்டுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. ஜனவரிக் குளிரில் பேஸ்மென்ட்டில் நின்று நம் மலை ஓடையின் உறவுகளைப் பார்ப்பது எனக்குத் தனிச் சந்தோஷம்.

அடுத்தது ஃபிலமென்ட் பார்ப். தென்னிந்திய ஆறுகளுக்குரியது, வால் பக்கத்தில் கரும்பொட்டு, வளர்ந்த ஆணின் முதுகுச் செட்டையில் நூல் நூலாக நீட்சி. டானியோவைவிடக் கனமான உடம்பு. கொஞ்சம் பெரிய சிக்லிட்டோடும் நிற்கும். இதையும் இதன் உறவுகளையும் 2012இல் இலங்கையின் ரோஹன் பெத்தியாகொடவும் அவருடைய தோழர்களும் தனிப் பேரினமாகப் பிரித்து, பரிணாமவியலாளர் ரிச்சர்ட் டோக்கின்ஸின் பெயரால் டோக்கின்சியா என்று அழைத்தார்கள். அதே பேரினத்தில் தாமிரபரணியின் பெயரையே தாங்கிய இனம் ஒன்றும் உண்டு. அந்த ஆற்றுப் படுகைக்கு மட்டும் உரியது. மிஸ் கேரளா என்று புகழ்பெற்ற டெனிசன் பார்ப்பும் நம் மலைகளின் மீன்தான். ஆனால் காட்டிலிருந்து அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததால் அது அழியும் ஆபத்துள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. பண்ணையில் இனப்பெருக்கம் செய்ததா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் வாங்குங்கள். அதோடு, அது குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த நீரை விரும்புவது. வெதுவெதுப்பான ஒஸ்கார் தொட்டியில் வாடிப்போகும்.

ஒஸ்கார் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது சில்வர் டொலர். பிரானாவின் உறவு, ஆனால் கீரை தின்னும் சாது. பதினைந்து செ.மீ. வரை வளரும் வட்டத் தட்டு. செம்புக்குள் போகவே போகாது. ஆறடித் தொட்டியில் ஆறு விட்டால் ஒஸ்காரின் முன்னால் வெள்ளித் தட்டுகள் ஊர்வலம் போவது போலிருக்கும். தொட்டியில் செடி நடும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். பசளிக்கீரையை ஒரு கொதி காட்டி ஆறவைத்துப் போடுங்கள். கடினமான நீர் விரும்பும் ஆப்பிரிக்க சிக்லிட்டோடு போஸ்மனி ரெயின்போ பொருந்தும், விலைதான் கடிக்கும்.

வாங்கக் கூடாத ஒன்று: டின்ஃபொயில் பார்ப். ஆறு செ.மீ. அளவில், பளபளப்பாக, மலிவாக விற்பார்கள். முப்பது செ.மீ. தாண்டி வளரும். நாலடித் தொட்டி அதற்குச் சிறை. அப்படி வளர்ந்த மீனை என்ன செய்வதென்று தெரியாமல் ரூஜ் ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுபவர்கள் இருக்கிறார்கள். ஒன்ராறியோவில் அனுமதியில்லாமல் நீர்நிலையில் மீனை விடுவது சட்டவிரோதம். வெப்பநாட்டு மீன் நம் குளிரில் சாகும். சாகாதது இன்னும் மோசம். ஹமில்டன் துறைமுகத்தில் தங்கமீன்கள் பெருகி உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. பெருத்த மீனைத் திரும்ப எடுக்கும் கடைகள் உண்டு. வாங்கும்போதே கேட்டுவையுங்கள்.

மீன் சரி, தண்ணி? ஊரில் மீன் வளர்த்த பழக்கத்தோடு இங்கே வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ரொறன்ரோவின் குழாய் நீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாக வருகிறது. ஸ்காபரோவில் இருப்பது எஃப்.ஜே. ஹோர்கன் நிலையம். கடினத்தன்மை லீற்றருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு அதுதான். நான் மேலே சொன்ன பண்ணை மீன்கள் இந்தக் கடினத்தைத் தாங்கும். கவனிக்கவேண்டியது கிருமிநாசினி. ஊரில் குழாய்த் தண்ணியை வாளியில் ஒரு இரவு வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று செய்வோம். இங்கே நகரம் போடுவது குளோரமைன், குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது. ஒரு இரவில் அது பறக்காது. குளோரமைனை உடைத்து, வெளிவரும் அமோனியாவையும் கட்டும் நீர்ப் பதமாக்கி கட்டாயம் வேண்டும். குளிர்காலத்தில் மாற்றும் நீரைச் சுடுநீர் கலந்து தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் ஊற்றவேண்டும்.

பத்து மீன் கூடினால் கழிவும் கூடும். அதைச் சமாளிப்பது வடிகட்டிப் பஞ்சில் வாழும் நுண்ணுயிர்கள். மீன் வெளியேற்றும் அமோனியா நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதைப் பெரிதாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டை நாம் கிழமைக்கொருமுறை தண்ணி மாற்றி வெளியேற்றுகிறோம். தோசைக்கு மா புளிக்க வைப்பது போலத்தான் இது. ரொறன்ரோக் குளிரில் அரைத்த மா அடுத்த நாள் அப்படியே கிடக்கும். ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்து, பழைய மாவில் ஒரு அகப்பை கலந்துதானே புளிக்க வைக்கிறோம்? புதுத் தொட்டிக்கு நாலு முதல் ஆறு கிழமை வேண்டும். நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு கிடைத்தால், அதுதான் பழைய மா, நாள் குறையும். அந்தப் பஞ்சைக் குழாய்க்கடியில் அலசினால் குளோரமைன் எல்லாவற்றையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

சேர்க்கும் வரிசை, குழம்பில் போலவே, சுவையை மாற்றும். கூட்ட மீன் முதலில், சிக்லிட் கடைசியில். முதலில் வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். பின்னால் வரும் சிக்லிட் ஏற்கெனவே ஆட்கள் இருக்கும் வீட்டுக்குள் நுழைகிறது. என்னைப் போல வரிசை மாறிவிட்டால், கூட்டத்தை விடும் நாளில் கல்லையும் சட்டியையும் இடம் மாற்றி வைத்து, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். பெரியம்மாவின் அடுப்பைக் கொல்லைக்கு மாற்றினால் எல்லையைப் புதிதாக வகுக்க அவருக்கு ஒரு பொழுதாவது ஆகும். அதற்குள் பெடியள் நடமாடப் பழகிவிடுவார்கள். புது மீன்களை முடிந்தால் இரண்டு, மூன்று கிழமை தனித் தொட்டியில் வைத்து நோயில்லை என்று பார்த்துவிட்டுச் சேர்த்துவிடுங்கள். இரையை ஒரே இடத்தில் போடவேண்டாம்: ஒரு முனையில் மிதக்கும் இரை டானியோவுக்கு, மறுமுனையில் அமிழும் இரை சிக்லிட்டுக்கு. இரண்டு பந்தி என்றால் அடிபிடி இல்லை.

எல்லாத் தொட்டிக்கும் இது சரிவராது. சென்னை கொளத்தூரிலிருந்து ஸ்காபரோ வரை நம்மவர்கள் ஆசையாக வளர்க்கும் ஃப்ளவர்ஹார்ன், வளர்ந்த ரெட் டெவில் போன்றவை எத்தனை கிழங்கு போட்டாலும் உப்புக் குறையாத கறி. அவற்றைத் தனியே வையுங்கள். மூன்றடிக்குக் குறைந்த தொட்டியில் எந்த சிக்லிட்டோடும் கூட்டம் சேர்க்காதீர்கள். விலக இடமில்லாத இடத்தில் வேகம் உதவாது. கூட்ட மீன் பலிக்கு வாங்கும் ஆடு இல்லை. செட்டை கிழிந்து, நிறம் வெளிறி, ஒன்று தனியே நீர்மட்டத்தின் மூலையில் நின்றால் அன்றைக்கே எடுத்து வேறு தொட்டியில் விடுங்கள். நாளை பார்க்கலாம் என்று விட்டால் நாளை அது இருக்காது. மாற்றுத் தொட்டி ஒன்று இல்லாதவர் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் முடிந்த முடிவு.

கொன்விக்ட் சோடிக்கு நாலடி, 75 கலன், அதாவது ஏறத்தாழ 280 லீற்றர் தொட்டியில் எட்டு முதல் பன்னிரண்டு டானியோ. ஒஸ்காருக்கு ஆறடி, 125 கலன் தொட்டியில் ஆறு சில்வர் டொலர். கடைக்குப் போக முன் உங்கள் சிக்லிட் இரை எடுக்கும்போது அதன் வாயைப் பாருங்கள். எட்டு வாங்கக் கையில் காசு இல்லையென்றால் மூன்று வாங்கி வரவேண்டாம், அடுத்த சம்பளம் வரை பொறுங்கள்.